எண்ணெய் ஏன் ஒழுகுகிறது?

பழைய டீசல் அம்பாசடரை வாங்கிச் சீர்செய்ய முனைபவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரே புதிரில் வந்து நிற்கிறார்கள். எஞ்சினின் அடியில் எண்ணெய் சொட்டுகிறது. பட்டறையில் சம்ப் பேக்கிங், டேப்பட் கவர் பேக்கிங், முன்பக்க ஆயில் சீல் என எல்லாவற்றையும் மாற்றித் தருகிறார்கள். இரண்டு மூன்று மாதம் எஞ்சின் காய்ந்து பளிச்சென்று இருக்கிறது. பிறகு அதே இடத்திலோ ஒரு சாண் தள்ளியோ மறுபடி ஈரம். சீல் டூப்ளிகேட் என்று கடைக்காரர்மேல் பழி விழுகிறது. இல்லையென்றால் பேக்கிங்கைச் சரியாக உட்காரவைக்கவில்லை என்று மெக்கானிக்மேல். இரண்டும் சில நேரம் உண்மையாக இருக்கலாம். ஆனால் நல்ல சீலை நல்ல மெக்கானிக் போட்ட பிறகும் ஒழுகும் வண்டிகள் ஏராளம். ஒழுகும் இடம் ஒன்று, ஒழுகுவதற்கான காரணம் வேறொன்று என்பதுதான் இதற்கு விடை. கசிவை வெறும் பழுதாக எண்ணி அடைக்கப் பார்ப்பதைவிட, எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லும் ஓர் அளவுமானியாக அதைப் படித்தால் செலவும் குறையும், வண்டியும் தேறும்.

அம்பாசடரை இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இந்தியாவில் விற்பனைக்கு வந்த முதல் டீசல் கார் அதுதான். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அந்த வண்டிக்கு, 1980-ஐ ஒட்டி 1489 சி.சி. டீசல் எஞ்சின் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-வரிசையைச் சேர்ந்த, 1950-களின் வடிவமைப்பு. உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றது 2014-இல். ஆக, வண்டி எந்த வருடத்தியதாக இருந்தாலும் அந்த எஞ்சினின் சிந்தனை, இன்றைய ரப்பர் சீல்கள் முதிர்ச்சி பெறுவதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது. டாக்சி ஸ்டாண்டுகளில் அவை நின்ற இடமெல்லாம் கறுப்புத் திட்டாகக் கிடந்ததைப் பார்த்துப் பழகியவர்கள், அம்பாசடர் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அந்த முடிவில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, சோம்பல்.

ஒரு திரவம் ஒழுக மூன்று வேண்டும்: திரவம், அது புகுந்து வர ஓர் இடைவெளி, அதைப் பிடித்துத் தள்ள ஒரு விசை. எண்ணெய் இருந்தே ஆக வேண்டும்; அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இடைவெளியை எல்லோரும் பார்க்கிறோம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது. தள்ளும் விசையைத்தான் யாரும் தேடுவதில்லை. சம்ப்பில் கிடக்கும் எண்ணெய்க்குத் தன் எடையைத் தவிர வேறு விசை ஏது என்று தோன்றும். எண்ணெய் பம்ப்பின் அழுத்தம் பேரிங்குகளுக்குப் போகும் துளைகளுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. பேரிங்கைத் தாண்டி வெளியே வந்த எண்ணெய் வெறுமனே சொட்டிக் கீழே விழுகிறது. ஆகவே சீலையோ பேக்கிங்கையோ அந்தப் பம்ப் நேரடியாகத் தள்ளுவதில்லை. தள்ளுவது காற்று. பிஸ்டனுக்கு மேலே எரிபொருள் எரியும் கணத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 50 மடங்குக்கும் மேல் எகிறுகிறது. பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அவற்றின் வாய்ப்பிளவு வழியாகக் கொஞ்சம் வாயு கீழே நழுவி, கிராங்க் சுழலும் அறைக்குள் வந்துவிடும். இதை வழிவாயு என்று சொல்லலாம். பட்டறையில் இதற்குப் பெயர் பேக் கம்ப்ரஷன். ரிங் தேய்ந்து, சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழத்து, ரிங்கின் பள்ளத்தில் கரி அடைத்துக்கொண்டால் இந்த வாயு பல மடங்காகிறது.

அது வெளியேறத்தான் பிரீதர் என்ற மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். பருப்பு அடைத்துக்கொண்டு விசில் வராத குக்கரில் ஆவி காஸ்கட் ஓரமாகப் பீறிடுவதைப் பார்த்திருப்போம். அப்போது யாரும் காஸ்கட்டைக் குறை சொல்வதில்லை. வால்வைக் கழற்றி ஊதிப் பார்க்கிறோம். எஞ்சினிலும் நடப்பது அச்சு அசலாக இதுதான், ஆனால் அங்கே மட்டும் முதலில் காஸ்கட் கடைக்கு ஓடுகிறோம். பிரீதர் குழாயின் உள்ளே எண்ணெய்த் துளிகளைப் பிடித்து நிறுத்தக் கம்பி வலைச் சுருள் போன்ற ஒன்றை வைப்பது வழக்கம். டீசல் புகைக்கரியும் எண்ணெயும் சேர்ந்து வருடக்கணக்கில் அதில் படிந்து தார்போல் இறுகிவிடும். வாயு போக வேறு வழியில்லாமல் எந்தப் பேக்கிங் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்தப் பேக்கிங்கை மாற்றினால் அடுத்த பலவீனமான இடம் திறந்துகொள்கிறது. ஒரு சாண் தள்ளி ஒழுகும் மர்மம் இவ்வளவுதான்.

இது வெறும் ஊகம் அல்ல என்று எப்படித் தெரியும்? அளந்து பார்க்கலாம், அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நிறமற்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை ஆங்கில யு எழுத்துபோல் வளைத்துப் பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்ற வேண்டும். எண்ணெய் ஊற்றும் வாயில் மூடிக்குப் பதிலாக ஓட்டையிட்ட ரப்பர் அடைப்பானைச் செருகி, குழாயின் ஒரு முனையை அதில் பொருத்திவிட்டு மறுமுனையைத் திறந்துவிட்டால் போதும். எஞ்சின் ஓடும்போது இரு பக்கத் தண்ணீர் மட்டங்களுக்கும் உள்ள வேறுபாடுதான் உள்ளே இருக்கும் அழுத்தம். ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு என்பது வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அற்பமாகத் தோன்றும். ஆனால் சம்ப்பின் பரப்பு சுமார் 1000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அந்த அற்ப அழுத்தமே ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையோடு அதை ஓயாமல் கீழே தள்ளுகிறது. வரம்பு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். நிலையோட்டத்தில் ஒரு முறை, வேகம் ஏற்றி ஒரு முறை, பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகு மறுபடி ஒரு முறை பார்ப்பதுதான் முக்கியம். சுத்தம் செய்ததும் மட்டம் இறங்கிவிட்டால் நோய் பிரீதரில் இருந்தது. பிரீதர் திறந்திருந்தும் மட்டம் ஏறுகிறது என்றால் ரிங்குகளில் இருக்கிறது. எண்ணெய் மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்து அது துள்ளுகிறதா என்று மெக்கானிக்குகள் பார்ப்பதும் இதே சோதனைதான். ஆனால் கண்மதிப்பில் இன்றைய துள்ளலையும் அடுத்த மாதத் துள்ளலையும் ஒப்பிட முடியாது, தண்ணீர் மட்டத்தை ஒப்பிடலாம்.

பெட்ரோல் அம்பாசடருக்கும் இதே ரிங்குகள்தானே, அது ஏன் இவ்வளவு ஒழுகவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியில் த்ராட்டில் தகடு பாதி மூடியிருப்பதால் அதற்குப் பின்னால் எப்போதும் ஓர் உறிஞ்சல் இருக்கிறது. கிராங்க் அறையை ஒரு குழாயால் அதோடு இணைத்துவிட்டால் வழிவாயு தானாக இழுக்கப்பட்டு எரிந்துபோகும். டீசலின் இயல்பு வேறு: பெரும்பாலான டீசல்களில் காற்று தடையின்றி உள்ளே போகிறது, வேகத்தைக் கட்டுப்படுத்துவது பீய்ச்சப்படும் டீசலின் அளவு. உறிஞ்ச ஆளில்லாததால் வழிவாயு தன் அழுத்தத்தாலேயே வெளியேற வேண்டியிருக்கிறது. போதாததற்கு டீசலில் அமுக்க விகிதம் 20-க்கு மேல். பழைய பெட்ரோல் எஞ்சினில் அது 10-ஐக்கூடத் தொடுவதில்லை. நழுவும் வாயு கூடுதல், அதை வெளியே இழுக்கும் ஏற்பாடு குறைவு. டீசல் என்றாலே ஒழுகும் என்ற பேச்சில் இருக்கும் உண்மை இதுதான். அதே உண்மை, பிரீதரைக் கவனிக்காத டீசலுக்கு மன்னிப்பு இல்லை என்றும் சொல்கிறது.

இனி இடைவெளிக்கு வருவோம். கெட்டியான எண்ணெயை ஊற்றினால் ஒழுகல் நிற்கும் என்பது பெரும்பாலோர் நம்பும் வைத்தியம். எண்ணெயின் ஓட்டத்தடைக்குப் பாகுத்தன்மை என்று பெயர். குறுகிய இடுக்கு வழியாகத் திரவம் எவ்வளவு போகும் என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்ந்து கண்ட விதி இருக்கிறது. பாகுத்தன்மை இருமடங்கானால் ஒழுகல் பாதியாகும். ஆனால் இடுக்கின் அகலம் இருமடங்கானால் ஒழுகல் எட்டு மடங்காகும். அகலத்துக்கு இருக்கும் இந்த ஆதிக்கத்தின் முன்னால் எண்ணெயின் கெட்டித்தன்மை தோற்றுப்போகிறது. அதோடு வெப்பமும் கூட்டுச் சேர்கிறது. 40-ஆம் கிரேடு எண்ணெய் 40 டிகிரி செல்சியஸில் காட்டும் பாகுத்தன்மையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே 100 டிகிரியில் காட்டும். நெடுந்தூரம் ஓடி நிறுத்திய வண்டி அதிகமாகச் சொட்டுவது இதனால்தான். கெட்டி எண்ணெய் கசிவைக் கொஞ்சம் தள்ளிப்போடும்; விடியற்காலைக் குளிரில் பேரிங்குகளுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்து அங்கே தேய்மானத்தைக் கூட்டும். எனக்கு அது நல்ல பேரமாகத் தெரியவில்லை.

இடுக்கின் அகலம் கூடுவதில் பட்டறைக்கும் பங்குண்டு. டேப்பட் கவரும் சம்ப்பும் தகட்டில் அழுத்தி எடுத்தவை. ஒழுகுகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்கினால் ஓட்டையைச் சுற்றியுள்ள தகடு உள்வாங்கிக் குழிகிறது; இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவிலுள்ள விளிம்பு மேலே வளைகிறது. கார்க் பேக்கிங் ஓட்டையருகே நசுங்கிப் பிதுங்க, நடுவில் விரிசலாக ஒளி தெரியும். எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு ஒழுகும். தகட்டைச் சமமான கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். குழிந்த இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிச் சமன்செய்யாமல் எத்தனை புதுப் பேக்கிங் வைத்தாலும், எத்தனை டியூப் சிலிகான் பசை பூசினாலும் வீண். பசை அதிகமானால் இன்னொரு வினையும் வரும்: உள்பக்கமாகப் பிதுங்கிக் காய்ந்த துணுக்கு உதிர்ந்து எண்ணெய் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொள்ளும்.

சுழலும் அச்சைச் சுற்றி இருக்கும் ஆயில் சீலின் கதை இதைவிடச் சுவாரசியமானது. ரப்பர் உதடு ஒன்று அச்சை இறுகப் பற்றி எண்ணெயைத் தடுக்கிறது என்றுதான் நெடுநாள் எல்லோரும் நினைத்தார்கள். அப்படியே இருந்தால், உலர்ந்த ரப்பர் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று ஓடும் எஃகின்மேல் உராய்ந்து சில மணி நேரத்தில் கருகிவிட வேண்டும். கருகுவதில்லை. 1957-இல் ஜாகர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் சீலின் உராய்வை அளந்து, அது உலர்ந்த உரசலுக்குரியது அல்ல, நடுவில் ஓர் எண்ணெய்ப் படலம் இருப்பதன் அடையாளம் என்று காட்டினார். படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவு. அப்படியானால் கேள்வி தலைகீழாகிறது: சீலுக்கு அடியிலேயே எண்ணெய் இருக்கிறதென்றால், அது ஏன் வெளியே வருவதில்லை? படலத்தின் ஓரத்தில் பரப்பு இழுவிசை அதைப் பிடித்து வைக்கிறது என்றார் ஜாகர். பின்வந்தவர்கள் செய்த ஒரு சோதனை அதற்கும் மேலே போனது. சீலை வேண்டுமென்றே திருப்பிப் பொருத்தி அச்சைச் சுழற்றினார்கள். எண்ணெய் வெறுமனே கசியவில்லை; இறைக்கப்பட்டது. சரியாகப் பொருத்திய சீல், வெளிப்பக்கம் தப்பி வந்த எண்ணெயை உள்ளே திருப்பி இறைக்கிறது என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. உதட்டின் எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தாகவும் காற்றுப் பக்கச் சரிவு தட்டையாகவும் இருப்பதே அந்த இறைப்பின் திசையைத் தீர்மானிக்கிறது. அதாவது ஆயில் சீல் ஒரு கதவு அல்ல, ஒரு நுண்ணிய பம்ப்.

இந்த ஒரு உண்மை பட்டறையின் பல வழக்கங்களைக் கேள்விக்குள்ளாக்குகிறது. அச்சின் சீல் உட்காரும் இடத்தை எமரித் தாளால் பளபளவென்று தேய்ப்பது நல்லது என்று நினைக்கிறோம். கண்ணாடிபோல் மழமழத்த பரப்பில் படலம் நிலைக்காது. சீல் உற்பத்தியாளர்களே ஓரளவு நுண்சொரசொரப்பு வேண்டும் என்று வரம்பு குறிக்கிறார்கள். எமரியைச் சுற்றிக்கொண்டே பக்கவாட்டில் நகர்த்தித் தேய்த்தால் இன்னும் மோசம்: அச்சின்மேல் கண்ணுக்குத் தெரியாத திருகுப்புரி ஒன்று விழுந்து, எண்ணெயை வெளியே இறைக்கத் தொடங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கும் வழி அழகானது. அச்சைக் கிடைமட்டமாக வைத்து மெல்லிய எண்ணெய் தடவி, ஒரு தையல் நூலை அதன்மேல் போட்டுக் கீழே சிறு எடையைக் கட்டித் தொங்கவிட்டு, அச்சை மெதுவாகச் சுழற்ற வேண்டும். நூல் ஒரே இடத்தில் நின்றால் அச்சு நல்லது. ஒரு பக்கமாக நகர்ந்து, சுழற்சியை மாற்றியதும் மறுபக்கம் நகர்ந்தால் புரி இருக்கிறது. நீண்ட நாள் ஓடிய அச்சில் இன்னொன்றும் பார்க்கலாம்: மென்மையான ரப்பர் உதடு எஃகிலேயே ஒரு பள்ளத்தைக் கீறியிருக்கும். ரப்பரில் பதிந்த தூசியும் கரியும்தான் வெட்டுபவை. நகத்தை வைத்து இழுத்தால் தட்டும் பள்ளமாக இருந்தால் புது சீலால் பயனில்லை. கால் மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனுள்ள எஃகு உறையை அச்சின்மேல் ஏற்றுவதோ, இடம் இருந்தால் சீலைச் சற்று முன்பின்னாக நகர்த்தித் தேயாத இடத்தில் அமர்த்துவதோதான் தீர்வு.

அம்பாசடர் ஒழுகத்தான் செய்யும் என்ற பேச்சில் பாதி நியாயம் உண்டு என்றேனே, அது இப்போது. பி-வரிசையின் பழைய எஞ்சின்களில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. அந்த இடத்தில் அச்சின்மேலேயே திருகுப்புரி வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுழலும்போது அந்தப் புரி எண்ணெயை உள்ளே திருகித் தள்ளும். எஞ்சின் நின்றால் எண்ணெய் மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிடும். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. அக்காலத்துக்கு அது கெட்டிக்காரத்தனமான வழி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. புரிக்கும் உறைக்கும் நடுவே எப்போதும் ஒரு திறந்த இடைவெளி இருப்பதால், உள்ளே அழுத்தம் சிறிது ஏறினாலும் காற்று அந்த இடைவெளி வழியே எண்ணெய்த் துளிகளைச் சுமந்துகொண்டு வெளியேறும். முகம் மேட்டைப் பார்க்க நிறுத்திவைத்தாலும் கொஞ்சம் சொட்டும். இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். முதலாவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஏனென்றால் அது வடிவமைப்பின் குறை அல்ல, பேக் கம்ப்ரஷன். இந்த எஞ்சினுக்குப் பின்பக்க ஆயில் சீல் மாற்றினோம் என்று யாராவது பில் கொடுத்தால் எந்தச் சீல், எங்கே இருந்தது என்று கேட்பது உரிமையாளரின் கடமை. அதே தலைமுறையின் ஜெர்மன் டீசலான மெர்சிடிஸ் 240டி-யிலும் கிராங்கின் பின்முனையில் பின்னிய கயிற்றைப் பள்ளத்தில் அழுத்தி அடைத்திருந்தார்கள். ஓரளவு கசிவு அந்தக் காலத்துப் பொறியியலின் கணக்கிலேயே இருந்தது.

ரப்பர் மூப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய சீல்கள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை வெப்பமும் ஆக்சிஜனும் மேலும் மேலும் குறுக்கே பிணைக்கின்றன. நெகிழ்ச்சி போய் மரத்துவிடுகிறது. ரப்பர்த் துண்டுகளைப் பல வெப்பநிலைகளில் எண்ணெயில் ஊறப்போட்டுக் கடினத்தன்மையை அளந்து பார்த்ததில், பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்ற தோராய விதி கிடைத்திருக்கிறது. ஆகவே ரேடியேட்டர் சரியாக வேலை செய்யாத வண்டியில் சீல்கள் முன்னதாகவே சாகும். கசிவின் காரணம் எஞ்சினின் முன்னால் நிற்கும் ரேடியேட்டரில் இருப்பது அப்படித்தான். விட்டான் என்ற ஃப்ளூரின் ரப்பரில் செய்த சீல்கள் 200 டிகிரி வரை தாங்கும். கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். செயற்கை எண்ணெய் ஊற்றினால் ஒழுகும் என்ற பேச்சும் முழுப் பொய் அல்ல. ரப்பர் எண்ணெயை ஓரளவு உறிஞ்சி ஊதியிருக்கும். சில செயற்கை அடிப்படை எண்ணெய்களில் அது சற்றே சுருங்கும். இப்போதைய தயாரிப்புகளில் இதைச் சரிக்கட்ட எஸ்டர்களைச் சேர்க்கிறார்கள். புது எண்ணெயின் கழுவும் குணம் இடுக்குகளை அடைத்திருந்த கசடைக் கரைத்துவிடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. எண்ணெய் கசிவை உண்டாக்கவில்லை, மூடியிருந்ததைத் திறந்துகாட்டியது. கசிவு நிறுத்தும் திரவங்கள் மரத்த ரப்பரை ஊதவைப்பவை. மரத்ததுதான் காரணம் என்றால் சில மாதம் உதவும். பள்ளம் விழுந்த அச்சையோ அடைத்த பிரீதரையோ அவை என்ன செய்துவிட முடியும்?

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதே தனிக் கலை. ஒரு சொட்டு எண்ணெய் சுமார் 0.05 மில்லி. அது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனில் பரவினால் 500 சதுர சென்டிமீட்டரை நனைத்துவிடும். எஞ்சின் முழுக்க எண்ணெயாகத் தெரிவதைப் பார்த்து முழு எஞ்சினும் ஒழுகுகிறது என்று மிரள வேண்டியதில்லை. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னாலும் கீழேயும் அடித்துச் செல்லும். எனவே சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, நனைந்த இடங்களில் மேலே எது, முன்னே எது என்று பார்க்க வேண்டும். முதலில் டீசலாலோ சோப்புத் தண்ணீராலோ எஞ்சினை நன்றாகக் கழுவி, காயவிட்டு, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைப் பரப்பில் முதல் ஈரக்கோடு தெளிவாகத் தெரியும். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்து தேடுவதும் உண்டு. ஒழுகுவது எஞ்சின் எண்ணெய்தானா என்பதையும் மறக்கக் கூடாது. பம்ப்பிலிருந்து கசியும் டீசல் வெள்ளைத்தாளில் வேகமாக விரிந்து வெளிறும். எஞ்சின் எண்ணெய் நடுவில் கறுப்பாக நிற்கும். கியர் எண்ணெய்க்குக் கந்தக நெடி.

இவ்வளவு பாடு எதற்கு, மாதம் அரை லிட்டர் ஊற்றிக்கொண்டு ஓட்டினால் போகிறது என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். எண்ணெய்க் கணக்கில் அவர்கள் சொல்வது சரி. ஓடும்போது 10 விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 18 மில்லி; சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் 1000 கிலோமீட்டருக்கு 360 மில்லிதான். ஆனால் கிராங்கின் பின்முனையில் ஒழுகும் எண்ணெய் கிளட்ச் தட்டில் போய்ச் சேர்ந்து வழுக்கும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டும் ரேடியேட்டர் குழாயும் எண்ணெய் குடித்து ஊறிப்போகும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து வேறு. பிரீதரைக் காற்று உள்வாங்கும் வழியோடு இணைத்திருக்கும் டீசலில் பேக் கம்ப்ரஷன் எல்லை மீறினால், எண்ணெய் மூட்டம் சிலிண்டருக்குள் போய் அதுவே எரிபொருளாகிவிடும். டீசல் வரத்தை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்போது காற்று வழியை அடைப்பதுதான் அதை நிறுத்தும். பிரீதரில் எண்ணெய் வடிகிறதே என்று அதன் வாயைத் துணியால் அடைப்பவர்களும் இருக்கிறார்கள். கெட்ட யோசனைகளில் அதற்கு முதலிடம் கொடுப்பேன்.

பேக் கம்ப்ரஷன் ரிங்குகளில்தான் என்று தெரிந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் செய்வதுபோல் சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றி மறுபடி அளக்கும் முறை இங்கே ஆகாது. 1489 சி.சி.யை நான்காகப் பிரித்தால் சிலிண்டருக்கு 372. அதை 20 மடங்குக்கு மேல் அமுக்கினால் பிஸ்டன் உச்சியில் எஞ்சும் இடம் 20 மில்லிக்கும் குறைவு. அதில் 10 மில்லி எண்ணெய் ஊற்றினால் ரிங் எப்படி இருந்தாலும் அழுத்தம் பொய்யாக உயரும், இன்னும் கொஞ்சம் கூடினால் கனெக்டிங் ராடே வளையலாம். சிலிண்டர்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லாமல் எல்லாமே கொஞ்சம் இறங்கியிருந்தால், கரியில் சிக்கிய ரிங்குகள் நல்ல எண்ணெயும் நெடுந்தூர ஓட்டமும் கிடைத்தால் ஓரளவு விடுபடுவது உண்டு. ஒன்று மட்டும் படுத்திருந்தால் எஞ்சினைத் திறந்தே ஆக வேண்டும். ஓவர்ஹால் செலவுக்குப் பயந்து சீல் மட்டும் மாற்றுவது சிக்கனம் அல்ல. சீலின் விலை சில நூறு ரூபாய், அதை மாற்றக் கழற்றிப் பூட்டும் கூலி பல மடங்கு, அந்தக் கூலியை வருடந்தோறும் கட்டுகிறோம். இவ்வளவு பழைய டீசலைக் காப்பாற்றுவதே சுற்றுச்சூழலுக்கு நியாயமா என்ற கேள்விக்கு, தினசரி ஓட்டத்துக்கு நியாயமில்லை என்பதே என் எண்ணம். நினைவுக்காக வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்தவற்றுக்கே பொருந்தும். டீசல் அம்பாசடர் எதற்கும் இன்னும் அந்த வயது வரவில்லை. அதுவரை சாதாரணப் பதிவுப் புதுப்பிப்புதான், அதற்கான தகுதிச் சோதனைதான்.

பட்டறையில் சீல் மாற்றும்போது கழற்றிய பழைய சீலைத் தூக்கி எறிய விடாதீர்கள். கேட்டு வாங்கிப் பாருங்கள். உதடு மரத்து வெடித்திருந்தால் வெப்பமும் வயதும் காரணம். உதட்டின் தேய்ந்த பட்டை சுற்றிலும் வழக்கத்தைவிட அகலமாக இருந்தால் உள்ளிருந்து அழுத்தம் அதைத் தள்ளியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு மையம் விலகியிருக்கிறது, பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். உதடு மிருதுவாக, கூர்மை கெடாமல் இருந்தால் ஒழுகலுக்கு அந்தச் சீல் காரணமே இல்லை. புதிதாகப் போட்டதும் ஒழுகத்தான் போகிறது.